ஈரப்பதம் எத்தனை சதவீதம்? ஜன்னலைக் கேளுங்கள்

கேள்வி இது: "மதுரையிலிருந்து கனடாவின் பிராம்டனுக்கு வந்து இது முதல் குளிர்காலம். வாடகைக்கு எடுத்த டவுன்ஹவுஸ், வீட்டைச் சூடாக்கக் கேஸ் ஃபர்னஸ். உதடு வெடிக்கிறது, மூன்று வயது மகனுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஷாக். மீட்டர் வாங்கிப் பார்த்தால் வீட்டுக்குள் ஈரப்பதம் 19% காட்டுகிறது. வெளியே மைனஸ் 15, ஈரப்பதம் 84% என்கிறது வானிலை அறிக்கை. இது எப்படி? 50% இருக்க வேண்டும் என்று நண்பர் சொன்னதால், காற்றில் ஈரமேற்றும் ஹியூமிடிஃபையர் வாங்கிப் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். பத்தே நாளில் ஜன்னல் ஓரத்தில் ஐஸ், கீழ்க்கட்டையில் கறுப்புப் புள்ளிகள். எத்தனையில் வைப்பது? பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாலே போதும் என்கிறார் மாமியார். அது சரியா?"

கட்டடங்களின் சூடு, காற்றோட்டம் சம்பந்தப்பட்ட வேலையில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். அதில் முதல் ஆறு வருஷம் வின்னிபெக்கில். நீங்கள் பத்து நாளில் செய்ததை நான் அங்கே மூன்று நாளில் செய்தேன், அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் கேட்ட வரிசையிலேயே போகிறேன்.

முதலில் அந்த 84-ம் 19-ம். இரண்டுமே சரிதான். குழப்பம் 'சதவீதம்' என்ற சொல்லில் இருக்கிறது. எதில் சதவீதம்? அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியை வைத்துக்கொள்ள முடியுமோ, அதில் சதவீதம். பத்தாயிரம் ரூபாய் சம்பளக்காரர் 84 சதவீதம் சேமிக்கிறார், ஒரு லட்சம் சம்பளக்காரர் 19 சதவீதம் சேமிக்கிறார் என்றால் யார் கையில் பணம் அதிகம்? மைனஸ் 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் சுமார் 1.6 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். அதில் 84 சதவீதம் என்றால் 1.35 கிராம். 21 டிகிரியில் இருக்கும் உங்கள் வரவேற்பறைக் காற்று 18 கிராமுக்குக் கொஞ்சம் மேலேயே தாங்கும். அதில் 19 சதவீதம், ஏறக்குறைய மூன்றரை கிராம். ஆக, வெளியே இருப்பதைவிட உங்கள் வீட்டுக்குள்தான் நீர் அதிகம், இரண்டரை மடங்கு. ஒப்பிட்டுப் பார்க்க ஊர்க்கணக்கு ஒன்று: மதுரையில் ஐப்பசி மழை நாளில் 27 டிகிரி, 80 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டரில் 20 கிராமுக்கு மேல். அந்தக் காற்றில் முப்பது வருஷம் இருந்த தோல் இங்கே வந்து வெடிக்காமல் என்ன செய்யும்?

வெளிக்காற்றை அப்படியே உள்ளே எடுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் மீட்டர் 7 சதவீதம்தான் காட்டும். உங்கள் வீட்டில் 19 காட்டுவதற்குக் காரணம் நீங்கள்தான். மூச்சு, வியர்வை, குளியல், சமையல், கழுவித் துடைத்த தரை எல்லாம் சேர்ந்து மீதியைத் தருகின்றன.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். "ஹீட்டர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது" என்பார்கள். ஃபர்னஸ் எதையும் உறிஞ்சுவதில்லை. கேஸ் எரிகிற பகுதி தனி, வீட்டுக் காற்று போகிற பாதை தனி. வீட்டை உலர்த்துவது கதவிடுக்கு, ஜன்னல் சட்டம், மின்பெட்டி ஓட்டை, மேல்தளக் கூரைச் சந்து என்று எங்கெல்லாமோ நுழைந்து வெளியேறும் காற்று. சூடான காற்று மேலே ஏறி மச்சின் (மேல்தள உட்கூரைக்கும் வெளிக்கூரைக்கும் நடுவே உள்ள இடம்) வழியாகக் கசியும். அதன் இடத்தைப் பிடிக்கக் கீழே குளிர்க்காற்று நுழையும். வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு வேகம். அதனால்தான் கடுங்குளிர் நாட்களில் வறட்சி இரண்டு மடங்காகத் தெரிகிறது: வருகிற காற்றில் நீர் குறைவு, வருகிற காற்றோ அதிகம்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் பல விஷயம் விளங்கும். 1,500 சதுர அடி வீடு, உள்ளே சுமார் 350 கன மீட்டர் காற்று. கொஞ்சம் கசிகிற வீடு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு நூறில் நாற்பது பங்கு காற்று மாறுகிறது, அதாவது 140 கன மீட்டர். ஒவ்வொரு கன மீட்டரும் வரும்போது 1.35 கிராம் கொண்டுவந்து, போகும்போது மூன்றரை கிராம் எடுத்துப் போகிறது. நாளைக்கு ஏழு லிட்டர் தண்ணீர் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் வெளியே போய்விடுகிறது. நாலு பேர் இருக்கிற குடும்பம் தானாக உண்டாக்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். வரவும் செலவும் 19 சதவீதத்தில் நேராகின்றன. 35 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டுமானால் நாளைக்கு 17 லிட்டர் வேண்டும், அதாவது மேற்கொண்டு 10 லிட்டர். 50 சதவீதத்துக்கு என்றால் மேற்கொண்டு 19 லிட்டர். நீங்கள் வாங்கிய மேஜை ஹியூமிடிஃபையரின் தொட்டி நாலு லிட்டர்தான் இருக்கும். முழு வீட்டுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கதவைச் சாத்திய ஒரு படுக்கையறைக்கோ அதுவே மிக அதிகம். உங்களுக்கு நடந்தது இந்த இரண்டாவது கதை.

இதிலேயே இன்னொன்றும் தெரிகிறது. தண்ணீரை ஊற்றுவதைவிட ஓட்டையை அடைப்பது லாபம். வாசல் கதவின் கீழ் ரப்பர் பட்டை, ஜன்னல் சட்டத்தில் கால்க் என்ற இடுக்கடைக்கும் பசை, மச்சுக்கு ஏறும் மூடியின் விளிம்பில் நுரைப்பட்டை ஆகியவற்றைப் போட்டுக் கசிவு பாதியானால், அதே குடும்பம், அதே சமையல், ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாக ஊற்றாமல் மீட்டர் 30-ஐத் தொடும். வாடகை வீடு என்பதால் கதவுப் பட்டை வரைக்கும் நீங்களே செய்யலாம், மற்றதை வீட்டுக்காரரிடம் கேளுங்கள். "ஈரப்பதம் இருந்தால் சூட்டைக் குறைத்து வைக்கலாம், கேஸ் பில் மிச்சம்" என்று ஹியூமிடிஃபையர் பெட்டிகளில் எழுதியிருப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.68 யூனிட் சக்தி வேண்டும். பத்து லிட்டருக்கு ஏழு யூனிட். அதை யாரோ கொடுத்தாக வேண்டும், ஒன்று மின்சாரம், இல்லையென்றால் உங்கள் ஃபர்னஸ். மிச்சமெல்லாம் ஒன்றும் கிடையாது. உடம்புக்குச் சுகம் என்று செய்யுங்கள், பில்லுக்காகச் செய்யாதீர்கள்.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன 50. அது அவர் கற்பனை இல்லை. 1985-ல் ஸ்டெர்லிங், அருண்டெல் முதலானோர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஒரு படம் உண்டு. பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, தூசிப்பூச்சி எல்லாவற்றையும் பட்டையாகப் போட்டு, நடுவில் 40 முதல் 60 சதவீதம் வரை "இதுவே நல்லது" என்று காட்டும். நாற்பது வருஷமாக விற்பனைத் துண்டறிக்கைகளில் சுற்றுகிற படம் அது. குளிர்கால ஃப்ளூ விஷயத்திலும் அந்தப் பக்கம் நியாயம் இருக்கிறது. 2007-ல் கினிப்பன்றிகளை வைத்து நடந்த சோதனையில், 20, 35 சதவீத ஈரப்பதத்தில் நன்றாகப் பரவிய ஃப்ளூ 50-ல் மந்தமாகிவிட்டது. ஆக, மூக்குக்கும் தொண்டைக்கும் 40, 50 நல்லதுதான். சங்கடம் என்னவென்றால் அந்தப் படத்தில் மனிதன் இருக்கிறான், சுவர் இல்லை. மைனஸ் 15-ல் நிற்கிற ஒரு கண்ணாடி அதில் இல்லவே இல்லை.

கண்ணாடிதான் இந்த விவகாரத்தின் நாட்டாமை. 21 டிகிரி, 50 சதவீதக் காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் தண்ணீராக வழியத் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் பனிநிலை என்று படித்தோமே, அது. 40 சதவீதமாக இருந்தால் இந்த எல்லை 7 டிகிரி; 30 சதவீதம் என்றால் 3 டிகிரிக்குச் சற்றுக் கீழே. பூச்சு எதுவும் இல்லாத சாதாரண இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் உட்பக்கம், வெளியே மைனஸ் 15 ஆக இருக்கும்போது நடுவில் 8 டிகிரி இருக்கும். விளிம்பில் அதைவிட நாலைந்து டிகிரி குறைவு, ஏனென்றால் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே உள்ள உலோகப் பட்டை குளிரை நேராகக் கடத்துகிறது. இரவில் கனமான திரையை இழுத்து மூடிவிட்டால் அறைச் சூடு கண்ணாடியை எட்டாது, இன்னும் இறங்கும். இனி நீங்களே பொருத்திப் பாருங்கள். 50-ல் கண்ணாடி முழுவதும் வியர்க்கும். 40-ல் ஓரம் மட்டும். 30-ல் திரை திறந்திருந்தால் அநேகமாகக் காய்ந்தே இருக்கும். ஜன்னலில் ஐஸ் என்றால் அந்த இடம் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கிறது என்று பொருள். பகலில் உருகி, மரக்கட்டையில் ஊறி, அங்கே பூஞ்சை. உங்கள் கறுப்புப் புள்ளிகளின் ஜாதகம் இதுதான்.

அதனால் 'எத்தனையில் வைப்பது' என்பதற்கு ஒரே எண்ணைப் பதிலாகத் தர முடியாது. வெளியே உள்ள குளிரைப் பொறுத்து அது மாறும். ஃபர்னஸோடு பொருத்தும் ஹியூமிடிஃபையர்களின் திருகு குமிழுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை ஒட்டியிருப்பார்கள்; நான் பார்த்தவரை யாரும் அதைப் படிப்பதில்லை. வெளியே மைனஸ் 7 என்றால் உள்ளே 35, மைனஸ் 12 என்றால் 30, மைனஸ் 18-க்கு 25, மைனஸ் 23-க்கு 20, மைனஸ் 29-க்கு 15 சதவீதம். கனடாவின் வீட்டுவசதிக் கழகமும் வெளியே மைனஸ் 10-க்குக் கீழே போனால் உள்ளே 30 சதவீதம் என்றுதான் சொல்கிறது. மூன்று அடுக்குக் கண்ணாடியோ, நல்ல வெப்பப் பூச்சுள்ள புது ஜன்னலோ இருந்தால் இந்த எண்களுக்கு மேல் ஐந்து, பத்து தாராளமாகப் போகலாம். பழைய அலுமினியச் சட்ட ஜன்னல் என்றால் இதற்கும் கீழே. உங்கள் வீட்டைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 30-ல் தொடங்குங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையறை ஜன்னலின் கீழ்மூலையைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் இரண்டு சதவீதம் ஏற்றுங்கள். ஈரமாக இருந்தால் ஐந்து இறக்குங்கள். குளியல் முடித்த பின்னும் சமையலின்போதும் கொஞ்ச நேரம் மூட்டம் போட்டு மறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். விடிந்தும் நிற்கிற தண்ணீர்தான் கணக்கு.

ஒரு நுணுக்கம்: கடுங்குளிர் வருகிறது என்று அறிவிப்பு வந்தால் முந்தின நாளே குறைத்துவிடுங்கள். சுவர் ஜிப்சம் பலகை, மெத்தை, புத்தகம், மரச்சாமான் எல்லாம் ஈரத்தைச் சேமித்து வைத்திருக்கும், ஹியூமிடிஃபையரை அணைத்த பிறகும் ஒன்றிரண்டு நாள் வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

உங்கள் வீட்டில் இன்றே பார்க்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். முதலில் அந்தக் கறுப்புப் புள்ளிகள். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, கையுறை, முகக்கவசம் போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். பிளீச் தேவையில்லை, கனடா சுகாதாரத் துறையும் அப்படித்தான் சொல்கிறது. இரவில் திரையைக் கீழே கையளவு தூக்கி வையுங்கள், சூடான காற்று கண்ணாடியைத் தடவிப் போகட்டும்.

அடுத்து, பேஸ்மென்டில் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். காற்றுக் குழாயின் பக்கவாட்டில் ஒரு மைக்ரோவேவ் அளவுக்குப் பிளாஸ்டிக் பெட்டி, அதற்கு மெல்லிய தண்ணீர்க் குழாய், கீழே வடிகால் குழாய் தெரிகிறதா? தெரிந்தால் முழு வீட்டுக்கான ஹியூமிடிஃபையர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இந்த ஊர் டவுன்ஹவுஸ்கள் பலவற்றில் இருக்கும், குடியிருப்பவருக்குத் தெரியாது. அதன் குழாயில் ஒரு தகட்டுக் கதவு உண்டு, ஒருபக்கம் 'கோடை', மறுபக்கம் 'குளிர்காலம்'. பெரும்பாலும் கோடையிலேயே நிற்கும். திருப்பிவிட்டு, தண்ணீர் வால்வைத் திறந்து, உள்ளே இருக்கும் தேன்கூடு மாதிரியான பேடைப் பாருங்கள். சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருந்தால் புதிது போட வேண்டும், வருஷத்துக்கு ஒன்று. வீட்டுக்காரர் செலவில் மாற்றச் சொல்லிக் கேட்கலாம், விலை அதிகமில்லை.

மூன்றாவது, சுவரில் சதவீதக் குறியுள்ள இன்னொரு திருகு குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருஷத்துக்குள் கட்டிய வீடு என்றால் அநேகமாக எச்ஆர்வி என்ற காற்றுப் பரிமாற்றப் பெட்டி இருக்கும். வெளியே போகிற சூடான காற்றின் வெப்பத்தை உள்ளே வருகிற குளிர்க்காற்றுக்குக் கொடுக்கிற பெட்டி. இதன் சதவீதக் குறி ஹியூமிடிஃபையரின் குறிக்கு நேர் எதிர். ஹியூமிடிஃபையரில் 40 என்று வைத்தால் "40 ஆகும்வரை தண்ணீர் ஊற்று" என்று பொருள். எச்ஆர்வியில் 30 என்று வைத்தால் "30-க்கு மேல் போனால் காற்றை வெளியேற்று" என்று பொருள். இரண்டையும் இப்படி வைத்துவிட்டு, "ராத்திரி பகலாக மெஷின் ஓடுகிறது, தண்ணீர் பில் ஏறுகிறது, ஈரப்பதம் 30-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது" என்று புலம்பிய வீடுகளை நான் எண்ணி மாளாது. ஒருவர் குடத்தில் ஊற்ற, இன்னொருவர் அடியில் துளைபோடுகிற கதை. குளிர்காலத்தில் எச்ஆர்வியின் ஈரப்பதக் குறியை உயர்த்தி, மணிக்கு இருபது நிமிஷம் ஓடுகிற மாதிரி வையுங்கள். முழுதாக அணைக்காதீர்கள், இறுக்கமாகக் கட்டிய வீட்டில் மூச்சுக்காற்றுக்கு அதுதான் வழி. ஈஆர்வி என்ற இன்னொரு வகை நீராவியிலும் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும். வறண்ட வீட்டுக்கு அது இன்னும் நல்லது.

இந்தப் பெட்டி வந்த கதையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, குளிர்ப் பிரதேசத்தில் சூடாக்கும் செலவைக் குறைப்பது எப்படி என்று பார்க்க, 1977-ல் ரெஜைனாவில் சஸ்காட்சுவான் சேமிப்பு வீடு என்று ஒன்றைக் கட்டினார்கள். ஹெரால்ட் ஓர் (Harold Orr) என்ற பொறியாளர் அதில் முக்கியமானவர். தடித்த சுவர், மிக இறுக்கமான கட்டுமானம். காற்று கசியவே கசியாது. கசியாத வீட்டில் ஈரம் தங்கும், மனுஷ வாடை தங்கும். அதற்காக ஒரு வெப்பப் பரிமாற்றப் பெட்டியையும் செய்து வைத்தார்கள். இன்று உங்கள் பேஸ்மென்டில் தொங்குகிற எச்ஆர்வி அந்தப் பரம்பரைதான். ஆக இந்த நாட்டில் பழைய வீட்டின் நோய் வறட்சி, புது வீட்டின் நோய் ஈரம். அறிவுரை கேட்கும்போது சொல்பவர் எந்த வீட்டில் இருந்துகொண்டு சொல்கிறார் என்று கேளுங்கள்.

மேஜை ஹியூமிடிஃபையரைத் தூக்கிப்போட வேண்டாம், மகன் அறைக்கு வேண்டியதுதான். ஆனால் கதவைத் திறந்து வையுங்கள், மீட்டரை அதே அறையில் வையுங்கள். புகை மாதிரி குளிர்ந்த மூட்டம் விடுகிற வகை என்றால் அது அல்ட்ராசானிக். அது தண்ணீரை ஆவியாக்குவதில்லை, நுண்துளியாக உடைத்து வீசுகிறது. தண்ணீரில் இருக்கிற உப்பு, கிருமி எல்லாம் கூடவே பறக்கும். டிவி மேல் படிகிற வெள்ளைத் தூள் அதுதான். அதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்ற வேண்டும். விசிறியும் ஈரத் திரியும் உள்ள வகை இந்தத் தொல்லை இல்லாதது. குழாய்த் தண்ணீரே போதும், திரியை மட்டும் மாற்ற வேண்டும். எதுவானாலும் தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, வாரம் ஒருமுறை வினிகர் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். தொட்டியில் கிருமிநாசினி, டெட்டால், தைலம் எதையும் கலக்காதீர்கள். இதை நான் வழக்கமான எச்சரிக்கையாகச் சொல்லவில்லை. தென்கொரியாவில் ஹியூமிடிஃபையர் தொட்டியில் ஊற்றவென்றே கடையில் விற்ற கிருமிநாசினியால் நுரையீரல் கெட்டுப் பலர் இறந்தார்கள், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதில் அதிகம். 2011-ல்தான் காரணம் வெளியே வந்தது. தோலில் படலாம் என்பதெல்லாம் மூச்சில் போகலாம் என்று ஆகாது.

மகனின் மூக்கு ரத்தத்துக்குக் காற்றை மட்டும் நம்ப வேண்டாம். மூக்கில் விடும் உப்புநீர் ஸ்ப்ரே, படுக்கப்போகும் முன் மூக்கின் முன்பகுதியில் மெல்லிசாக வாஸ்லின், இவை பெரும்பாலும் போதும். அடிக்கடி வந்தாலோ, பத்துப் பதினைந்து நிமிஷம் மூக்கின் மென்பகுதியை அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள். தோலுக்கு: குளித்து ஈரம் காயும் முன் க்ரீம். தேங்காய் எண்ணெய்தான் என்றால், வீட்டை 24 டிகிரிக்குக் கீழே வைத்தீர்களானால் பாட்டிலில் கட்டியாகிவிடும், அதை ஒரு ஏழை தெர்மாமீட்டராக வைத்துக்கொள்ளலாம். உருகியே இருக்கிறதென்றால் வீடு தேவைக்கு மேல் சூடு. ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் இருக்கிற வீடுகளில் தெர்மோஸ்டாட் 25-ல் நிற்பதைப் பார்க்கிறேன். அதே காற்று, அதே நீர், 25 டிகிரியில் 15 சதவீதம் காட்டுவது 20 டிகிரியில் 20 காட்டும். ஒரு ஸ்வெட்டரில் கிடைக்கிற ஐந்து சதவீதத்தை ஏன் விட வேண்டும்?

வறட்சியில் லாபமும் உண்டு. படுக்கையில் வாழும் தூசிப்பூச்சி 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்து வாழாது; ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டை 30-களில் வைத்திருப்பது அவர்களுக்கு நல்லது.

இதையெல்லாம் பேஸ்மென்டில் குடியிருக்கும் மாணவர்கள் படித்துவிட்டு ஹியூமிடிஃபையர் வாங்கிவிடக் கூடாது. அவர்கள் பிரச்சினை தலைகீழ். பாதி மண்ணுக்குள் இருக்கிற குளிர்ந்த சுவர், இரண்டறையில் ஐந்து பேர், ஜன்னலோ அஞ்சல் தலை அளவு, தினம் குக்கர், கொடி கட்டிக் காயப்போட்ட துணி. ஒருமுறை துவைத்த துணியில், மெஷின் பிழிந்த பிறகும் இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கும். அத்தனையும் அறைக் காற்றுக்குப் போய், அங்கிருந்து சுவருக்குப் போகிறது. நான் பார்த்த ஒரு வீட்டில் தரையில் நேராக மெத்தை போட்டிருந்தார்கள். தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கப் பூஞ்சை. ஆறு மணி நேரம் உடம்பிலிருந்து வரும் ஈரம் குளிர்ந்த கான்கிரீட்டில் தட்டி நின்றுவிடுகிறது, காற்று போக வழியில்லை. மரப்பலகைச் சட்டம் ஒன்றை அடியில் போட்டால் தீர்கிற விஷயம். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். அடுப்புக்கு மேலுள்ள விசிறி உண்மையில் வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அது ஒரு வடிகட்டி வழியாகத் திரும்ப உங்கள் முகத்திலேயே விடுகிற வகை. அப்படியென்றால் இட்லி வேகும்போது குளியலறை விசிறியைப் போட்டு வையுங்கள். கேஸ் அடுப்பு எரிவதே நீராவியை உண்டாக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துணி உலர்த்தியின் சூடான காற்றை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிட்டால் ஈரமும் கிடைக்குமே என்று சிலர் கேட்பார்கள். கேஸ் உலர்த்தி என்றால் அது கார்பன் மோனாக்சைடு, உயிர் போகும்.

தனி வீட்டுக்காரர்களுக்கு ஜன்னலைவிட மோசமான இடம் மச்சு. ஜன்னலில் வழிவதையாவது கண்ணால் பார்க்கலாம். கூரைச் சந்து வழியாக ஏறும் ஈரக்காற்று கூரைப் பலகையின் அடியில் உறைபனியாகப் படிந்து மாதக்கணக்கில் சேரும். எட்மன்டன், கால்கரி பக்கம் நீண்ட குளிருக்குப் பின் திடீரென்று வெயில் அடிக்கும்போது அத்தனையும் உருகி, மழையே இல்லாமல் படுக்கையறைக் கூரையில் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று ஓடுமாற்ற ஆள் கூப்பிடுவார்கள். வின்னிபெக்கில் என் முதல் வாடகை வீட்டில் நான் 45-ல் வைத்த ஹியூமிடிஃபையர், மார்ச் மாதம் மேல்மாடிக் கூரையில் ஒரு பழுப்பு வட்டத்தை விட்டுவிட்டுப் போனது. வைப்புத்தொகையில் பிடித்துக்கொண்டார்கள், நியாயம்தான்.

மீட்டரை நம்புவதற்கு முன் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மலிவு மீட்டர்கள் ஐந்து சதவீதம் இங்கும் அங்கும் காட்டும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் காற்றுப் போகாமல் மூடி, ஒரு இரவு வையுங்கள். உள்ளே 75 சதவீதம் ஆகும், உப்பின் குணம் அது. மீட்டர் 70 காட்டினால் ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டில் வீணையோ வயலினோ மிருதங்கமோ இருந்தால் ஒரு வார்த்தை. மரம் சுருங்கி வெடிக்கும், தோல் இறுகிச் சுருதி ஏறும். இதற்காக முழு வீட்டையும் 50-க்கு ஏற்ற வேண்டாம். பெட்டிக்குள் வைக்கிற ஈரப்பதப் பொட்டலம் இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கிறது; கருவியைப் பெட்டியிலேயே மூடி வைத்து, சூட்டுக் காற்று வரும் துவாரத்துக்குத் தள்ளி வைத்தால் போதும்.

கடைசியாக மாமியாரின் பாத்திரம். கொள்கை சரி, அளவுதான் போதாது. அகலமான பாத்திரத்தைச் சூட்டுக் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் ஒரு நாளில் அரை லிட்டர் குறைந்தால் பெரிது. நமக்கு வேண்டியது பத்து. அடுப்பில் கொதிக்கவிடலாமே என்பார். மூன்று வயதுப் பையன் ஓடுகிற வீட்டில் அது வேண்டாம். உருளியில் தண்ணீர் விட்டு நாலு பூவைப் போட்டு வரவேற்பறையில் வைக்கட்டும், பார்க்க நன்றாக இருக்கும். நீங்கள் சத்தம் போடாமல் பேஸ்மென்டுக்குப் போய் அந்தத் தகட்டுக் கதவைத் திருப்பிவிட்டு வாருங்கள். மூன்று நாளில் மீட்டர் 30-ஐத் தொடும்போது பெயர் உருளிக்குப் போனால் போகட்டும்.